வேல்ராஜோட ஹார்

1

இந்தக் கதையை நான் இரண்டு இடங்களில் பொறுக்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு கண்டுபிடித்துவிட்டதாக யாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம்.

முதல் இடம் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் பூக்கடை வரிசை. வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் விட்டு டோம்பிவிலிக்குத் திரும்பும் வழியில் அங்கே இறங்கி, சுவரில் மாட்டியிருக்கும் என் மனைவியின் படத்துக்கு ஒரு முழம் மல்லிகை வாங்குவேன். டோம்பிவிலியிலும் பூ கிடைக்கும். ஆனால் அங்கே "எவ்வளவு சார் வேணும்?" என்று தமிழில் கேட்க ஆள் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது தமிழில் பேசிவிட வேண்டும் என்றுதான் இறங்குகிறேன். பூ ஒரு சாக்கு.

அன்று எனக்கு முன்னால் நின்றவர் ஒரு மாலைக்குச் சொல்லிவைத்திருந்தார். தொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் அதைத் தூக்கிக் காட்டி, "தேஷ்பாண்டே கீ ஹார்" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "கீ இல்லை மாவ்ஷி, கா ஹார்" என்று ஹிந்தியில் திருத்தினார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே ஒருமுறை "கா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த ஆளிடம் மறுபடியும் "கீ" என்றாள்.

ஹிந்தி தெரியாதவர்களுக்காக நான் இங்கே கொஞ்சம் வாத்தியார் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. ஹார் என்றால் மாலை. ஹார் என்றால் தோல்வியும்தான். மாலை ஆண்பால், தோல்வி பெண்பால். அதனால் 'தேஷ்பாண்டே கா ஹார்' என்றால் தேஷ்பாண்டேயின் மாலை; 'தேஷ்பாண்டே கீ ஹார்' என்றால் தேஷ்பாண்டேயின் தோல்வி. நமக்கு இரண்டுமே அஃறிணை, பேச்சு முடிந்தது. இந்த ஊரில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்ட தமிழர்கள்கூட இந்தக் கா, கீ விஷயத்தில் மட்டும் கடைசிவரை தடுமாறுவார்கள். என்னையும் சேர்த்துத்தான்.*

இரண்டாவது இடம் அதே நாள், ஸ்லோ லோக்கல் ரயில். கதவோரம் நின்ற பையனின் முதுகுப்பையில் ஒரு ஜோடி பாக்ஸிங் கையுறைகள் தொங்கின. கன்னத்தில் வீக்கம். ஜெயித்துவிட்டு வருகிறானா, தோற்றுவிட்டு வருகிறானா என்று குர்லாவிலிருந்து தாணே வரைக்கும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெயித்தவனுக்கும் வீங்கும் போலிருக்கிறது. தாணேயில் அவன் இறங்கிப் போனபோது அவனை அந்த அம்மாளுக்கு மகனாக்கிவிட்டேன். இது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

(* அந்த அம்மாள் ஏன் கீ போடுகிறாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஹிந்தியில் மாலைக்கு 'மாலா' என்றும் ஒரு சொல் உண்டு. அது பெண்பால். 'பூல் கீ மாலா' என்பார்கள். நம் ஆட்கள் மனசுக்குள் மாலை என்று நினைத்து, அதற்குரிய கீயை எடுத்து, வாயில் ஹாரோடு ஒட்டிவிடுகிறார்கள். அதாவது அவள் செய்வது தப்பே இல்லை, பாதி வழியில் சொல்லை மாற்றிக்கொள்கிறாள், அவ்வளவுதான். இது பின்னால் தேவைப்படும்.)

2

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்:

செண்பகவல்லி மாலை தொடுக்கும்போது அவளுடைய விரல்களே பூக்களாகி

[அடித்தேன். பூக்காரிக்குப் பூவின் பெயர். போதாக்குறைக்கு விரலும் பூ. இந்த ரகத்தில் எழுதினால் இரண்டாவது பக்கத்தில் வண்டு வந்துவிடும். பெயரை இசக்கிசெல்வி என்று மாற்றிக்கொண்டேன். தாராவியில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர்.]

இரண்டாவது:

மணி அடித்தது. சிவப்பு மூலையிலிருந்து வேல்ராஜும் நீல மூலையிலிருந்து நகுலும் ரிங்கின் நடுவுக்கு வந்தார்கள். வேல்ராஜ் இடது கையை நீட்டினான். நகுல் குனிந்து, வலது

[வலது என்ன? எனக்கு பாக்ஸிங் தெரியாது. வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. ஒரே ஒருமுறை ஜன்னல் சீட்டுத் தகராறில் வாங்கியிருக்கிறேன், அதுவும் எந்தக் கை என்று பார்க்கவில்லை.]

மூன்றாவது:

மகன் தோற்றால்தான் வீட்டுக்கு வருவான் என்பது இசக்கிசெல்விக்குத் தெரியும்.

இதை அடிக்கக் கை வரவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. சரி, இதிலிருந்தே போவோம்.

3

மகன் தோற்றால்தான் வீட்டுக்கு வருவான் என்பது இசக்கிசெல்விக்குத் தெரியும். இதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்கிற விஷயமா அது.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து ஒன்றில், இரும்பு ஏணி வைத்து ஏறிப் போகிற மேல் அறை அவளுடையது. கணவன் வெயிலுமுத்து பட்டறை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் வேல்ராஜ் செம்பூரில் ஜிம்முக்குப் பக்கத்தில் பையன்களோடு அறை எடுத்துக்கொண்டு போனான். காலையில் ஓட வேண்டும், இங்கே ஓட இடம் ஏது என்று கேட்டான். நியாயம்தான். அந்தச் சந்தில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட வேண்டும்.

ஜெயித்தால் போன் செய்வான். பின்னால் ஒரே கூச்சலாக இருக்கும், யாராவது பிடித்து இழுப்பார்கள், "பிறவு பேசுதேம்மா" என்று வைத்துவிடுவான். தோற்றால் போன் வராது, ஆளே வருவான். ஏணியில் அவன் கால் வைக்கிற சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். பேசாமல் சாப்பிடுவான். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு படுப்பான். மறுநாள் வெயில் ஏறிய பிறகு எழுந்து, கரகரவென்று சத்தம் போடுகிற ஃபேனைக் கழற்றி மாட்டுவான், தண்ணீர் டிரம்மைத் தேய்ப்பான், ரசத்தில் என்ன போட்டாய், நன்றாக இருக்கிறதே என்பான். அவன் இருக்கிற நாட்களில் அவள் மாட்டுங்கா பூக்கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பிவிடுவாள். மற்ற நாட்களில் கடைசி ஆளாக எழுந்திருப்பாள். வீட்டுக்குப் போய் யாரிடம் பேச.

போன மழைக்காலத்தில் அவனைத் தோற்கடித்தவன் திலக் நகர் பையன் நகுல். உதடு கிழிந்து வந்தான் வேல்ராஜ். கஞ்சிதான் இறங்கியது. காயம் ஆறுகிற வரைக்கும் வீட்டில் இருந்தான். இசக்கிசெல்வி அந்த நகுலைப் பார்த்ததில்லை. மகனின் உதட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கையில் கொள்ளி வைக்க என்று திட்டினாள். ஆனால் அந்த நாட்களில் அவள் வேலையோடு வேலையாக ஏதோ பாட்டை முனகுகிறாள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து தொடுக்கிறவர்கள் கவனித்தார்கள். அவளுக்கே அது தெரியாது.

[பாட்டு வரியை இரண்டு தடவை எடுத்துவிட்டு, இரண்டு தடவையும் திரும்பப் போட்டேன்.]

இப்போது அதே இருவரும் மறுபடி மோதப்போகிறார்கள். செம்பூரில் ஒரு ஹாலில் மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவன் புனேயில் கேம்ப்புக்குப் போவான். அங்கே நன்றாகச் செய்தால் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு வாய்ப்பு உண்டு. வேல்ராஜ் எட்டாவது படிக்கும்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. அவன் ஜெயிக்க வேண்டும் என்று இசக்கிசெல்வி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டு எழுந்தபோது புனே எவ்வளவு தூரம் என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

4

யார் ஜெயிப்பார்கள்? எனக்கே தெரியாமல் மேலே எப்படி எழுதுவது?

என் ஆபீஸில் சாஜன் என்று ஒருவர், மார்த்தாண்டம் பக்கம், கல்லூரி நாளில் பாக்ஸிங் போட்டவர். கதை என்று சொன்னால் சிரிப்பார் என்று, எனக்குத் தெரிந்த இரண்டு பையன்கள் என்று சொல்லி விவரம் கேட்டேன். ஒருவன் உயரம், மற்றவன் குட்டை, கட்டு உடம்பு என்றேன். சாஜன் டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். உயரமானவனுக்குக் கை நீளம், எதிராளியை எட்டவே நிறுத்திப் பாயிண்ட் எடுப்பான். குட்டையானவன் எப்படியாவது உள்ளே புகுந்து விலாவில் வைப்பான். முதல் ரவுண்டு உயரத்துக்கு, இரண்டாவது குட்டைக்கு, மூன்றாவது யாருக்கு மூச்சு மிச்சமோ அவனுக்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பிறகு என் தோளில் இடது கையை நீட்டி வைத்து, அதை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"உங்க உயரப் பையன் குத்திட்டு இந்தக் கைய கீழ விடாம இருந்தான்னா அவந்தான் சார். விட்டான்னா தாடை திறந்துக்கிடும். முடிஞ்சுது."

எப்போது விடுவான் என்று கேட்டேன்.

"களைச்சா விடுவான். இல்லேன்னா மனசுல வேற எதாவது ஓடுனா விடுவான்."

களைப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மனசில் வேறு ஏதாவது ஓடவைப்பது நமக்குக் கைவந்த வேலை ஆயிற்றே. ஆக இந்தப் போட்டியின் முடிவு வேல்ராஜின் இடது கையில் இருக்கிறது, அந்த இடது கை அவன் மனசில் இருக்கிறது, மனசு அவன் அம்மாவிடம் இருக்கிறது என்று மூன்று படியில் இறங்கி மாட்டுங்காவுக்கே திரும்பி வந்துவிட்டேன்.

[அடுத்த வாரமும் சாஜன் அந்தப் பையன்களை விசாரித்தார். நல்லா இருக்காங்க என்றேன். வேறு என்ன சொல்ல.]

5

போட்டிக்கு முந்தைய நாள், ஹால்காரர்கள் இசக்கிசெல்வி வேலை பார்க்கிற கடையில் ஒரு பெரிய ரோஜா மாலைக்குச் சொல்லியிருந்தார்கள். ஜெயிக்கிறவனுக்குப் போடுவதற்கு. கடைக்காரர் மாரீஸ்வரன் வேண்டுமென்றே அதை அவளிடம் கொடுத்தார். உன் மகன் கழுத்துக்குத்தானே, நீயே கட்டு என்றார். அவளும் சொன்ன அளவுக்கு மேலேயே ரோஜா வைத்து, இடையிடையே சம்பங்கி கொடுத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டினாள்.

அப்போது, கைப்பேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு ஒருவன் வந்தான். உள்ளூர் விளையாட்டுகளைப் படம் பிடித்துப் போடுகிறவன். பாக்ஸர் வேல்ராஜின் அம்மா நீங்கள்தானா என்று கேட்டு, முகத்துக்கு நேரே குச்சியை நீட்டி, நாளைக்கு என்ன ஆகும் அம்மா என்று ஹிந்தியில் வேகமாகக் கேட்டான். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மடியில் இருக்கிற மாலையைப் பற்றிக் கேட்கிறான் என்று நினைத்தாள். கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"மேரா பேட்டா கீ ஹார் ஹை" என்றாள்.

மாலை அவள் மடியில் இருந்தது. படத்தில் அவள் முகம் மட்டும்தான் விழுந்தது. என் மகனுக்குத் தோல்விதான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிற ஒரு தாயின் முகம். 'ரிங்கில் இறங்கும் முன்பே அம்மாவின் தீர்ப்பு' என்று மேலே எழுதிப் போட்டான் அவன். சாயங்காலத்துக்குள் செம்பூர் ஜிம்மில் அதைப் பார்க்காத ஆள் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேல்ராஜ் போன் செய்தான். ஜெயிக்காமலே அவனிடமிருந்து போன் வந்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"ஏம்மா அப்படி சொன்ன? பூரா ஜிம்மும் சிரிக்கி."

"என்னத்தல சொன்னேன்? மாலையத்தான சொன்னேன்."

"மாலைன்னா கா, ம்மா. கா ஹார். கீன்னு சொன்னா தோத்துருவான்னு அர்த்தம்."

"எனக்கென்னல தெரியும், காவும் கீயும்."

இந்தத் தடவை பின்னால் கூச்சல் இல்லை. எங்கேயோ தனியாகப் போய் நின்று பேசுகிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

"நெசமாவே மாலையத்தான் சொன்னியா?" என்று கேட்டான்.

6

இந்த இடத்தில் அவள் உடனே "ஆமால" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்து, நானும் சாப்பிடப் போயிருப்பேன். அவள் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் பேசாமல் இருந்துவிட்டாள். பிறகுதான் "மாலையத்தாம்ல" என்றாள். அதற்குள் அவன் சரி என்று வைத்துவிட்டான்.

அவள் ஏன் தயங்கினாள்? நான் அவளுக்காக வாதாடத் தயாராக இருக்கிறேன். முன்னால் போட்ட அடிக்குறிப்பைப் பாருங்கள். அவள் மனசில் இருந்தது மாலை, அதனால்தான் கீ வந்தது, தோல்வியை நினைத்திருந்தால் இத்தனை சரியான கீ அவளுக்கு வந்தே இருக்காது. இலக்கணப்படி அவள் சுத்தமானவள்.

ஆனால் அந்தத் தயக்கம். மகன் கேட்டபோதுதான் அவளுக்கே அந்த நினைப்பு எட்டிப் பார்த்தது. புனே எவ்வளவு தூரம் என்கிற நினைப்பு. ஏணியில் கால் சத்தம், ரசம், ஃபேன். அவன் தோற்றால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அவன் வந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். இரண்டும் ஒன்றுதான் என்பது அந்த ஒரு மூச்சில் அவளுக்குத் தெரிந்துபோனது. அன்று அவள் அரிசி களைந்து வைத்துவிட்டு, உலை வைக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

[இங்கே எனக்கு இசக்கிசெல்வி மேல் ஒரு சந்தேகம் வந்தது. எந்தத் தாய் இப்படி நினைப்பாள்? பூக்கடை அம்மாளிடம் நான் மல்லிகையைத் தவிர ஒன்றும் பேசியதில்லை. அவளுக்கு மகன் இருக்கிறானா என்றே தெரியாது. அப்படியானால் இந்த ஆசை எங்கிருந்து வந்தது?

என் மகள் மானசா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லாத மாதங்களில் போன் வராது. மேனேஜர் திட்டினால், தோழியோடு சண்டை வந்தால், காய்ச்சல் அடித்தால் வரும். பேசி முடித்து வைக்கும்போது அவளுக்குக் கொஞ்சம் தேறியிருக்கும், எனக்கும் பசி எடுத்திருக்கும். போன் வராத மாதங்களில் நான் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பதை இசக்கிசெல்வியின் தலையில் கட்டிவிட்டேன் போலிருக்கிறது.]

7

ஹாலில் மின்விசிறிகள் ஓடியும் புழுக்கமாக இருந்தது. இசக்கிசெல்வி மாலையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேடைக்காரர்களிடம் கொடுத்துவிட்டு, ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகனின் ஆட்டத்தை அவள் நேரில் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. வேல்ராஜ் சிவப்பு பனியனில் தூரத்தில் குதித்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை.

நீல பனியன் போட்ட குட்டைப் பையன் ஒருவன் அவளை நோக்கி வந்தான். கைகளில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. இவன்தான் என்று சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாள் திட்டிய திட்டெல்லாம் நினைவுக்கு வந்து, எழுந்திருக்கலாமா என்று பார்த்தாள்.

"ஆண்ட்டி, அந்த வீடியோ பாத்தேன்" என்று தமிழிலேயே சொன்னான் நகுல். "நீங்க மாலையத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். எங்கம்மா இருந்தவரைக்கும் எல்லாத்துக்கும் கீதான் போடும்."

பெற்ற பிள்ளை நம்பாததை இவன் நம்புகிறான். நம்பத் தகாத இடத்தில் வேறு நம்புகிறான். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அப்பா வாட்ச்மேன் வேலை, வருவதும் போவதும் தெரியாது என்றான். அதற்குள் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். போகிற போக்கில் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினான்.

[இந்தப் பையன் இப்படி வந்து நிற்பான் என்று நான் நினைக்கவில்லை. வெறும் முஷ்டியாக இருக்கட்டும் என்றுதான் வைத்திருந்தேன். இப்போது இவனைத் தோற்கடித்தால் இவன் எந்த ஏணியில் ஏறுவான்?]

முதல் ரவுண்டு சாஜன் சொன்னபடியேதான் போனது. வேல்ராஜ் எட்ட நின்றே தொட்டுத் தொட்டு எடுத்தான். இரண்டாவதில் நகுல் உள்ளே புகுந்துவிட்டான். விலாவில் விழுகிற அடி ஒவ்வொன்றும் மூட்டையைப் போடுவதுபோல ஹால் முழுக்கக் கேட்டது. இசக்கிசெல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். யாருக்காக வைத்துக்கொண்டாள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

மூன்றாவதில் இரண்டு பேருக்குமே கால் தள்ளாடியது. முடிகிற தறுவாயில் வேல்ராஜ் ஒரு தரம், ஒரே ஒரு தரம், கூட்டத்தில் அவள் இருக்கிற பக்கம் பார்த்தான். இடது கை இறங்கியது. நகுலின் வலது கை அவன் தாடையில் பட்டதா, தோளில் பட்டு வழுக்கியதா என்பது அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. மணி அடித்துவிட்டது. நடுவர்கள் தங்கள் கணக்கைக் கொடுத்தார்கள். ரெஃபரி இருவரையும் நடுவில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

8

அ. வேல்ராஜின் கை உயர்கிறது. அவள் கட்டிய மாலை அவன் கழுத்தில் விழுகிறது. ஜிம் பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள், கூட்டத்தில் அவளால் கிட்டே போக முடியவில்லை. அன்றே போன் வருகிறது, பின்னால் கூச்சல், "பிறவு பேசுதேம்மா". பிறகு புனே. ஏணியில் சத்தம் கேட்டால் அது கேபிள்காரன்.

ஆ. நகுலின் கை உயர்கிறது. அவள் கட்டிய மாலை நகுலுக்கு. அவள் வீட்டுக்கு வந்து உலை வைக்கிறாள். ஏணியில் அந்தச் சத்தம். வேல்ராஜ் வந்து உட்காருகிறான், சாப்பிடுகிறான், கை கழுவிவிட்டுக் கேட்கிறான்: "இப்ப ஒனக்கு சந்தோசம்தானம்மா?"

[இதற்கு மேல் எழுதிப் பார்த்தேன். அவள் எதற்கு ஆசைப்பட்டாளோ அது கிடைத்த பிறகு அந்த அறையில் அவள் இருப்பது எனக்கே தாங்கவில்லை.]

இ. வேல்ராஜ் ஜெயிக்கிறான். ஜெயித்துவிட்டு, பையன்களை உதறிவிட்டு, கழுத்தில் மாலையோடு ஏணியில் ஏறி வருகிறான். மாலையைக் கழற்றி அம்மாவின் கழுத்தில்

[படித்துப் பார்த்தேன். கண் கலங்கியது. அதனால் அடித்தேன்.]

9

மூன்று முடிவும் சரிவராமல் இருந்தபோது மானசா போன் செய்தாள். ஆபீஸில் அவள் செய்த வேலையை வேறொருத்தி தன் பெயரில் காட்டிவிட்டாளாம். அழுதாள். அவள் தேறுகிற வரைக்கும் பேசினேன். பிறகு என்னைப் பற்றிக் கேட்டாள். கேட்கமாட்டாள், அன்று கேட்டாள். கதையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன் என்றேன். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் எழுதியது எதையும் அவள் படித்ததில்லை. அதனால் வாயாலேயே முழுக்கச் சொன்னேன். கா, கீ வந்த இடத்தில் சிரித்தாள். ரெஃபரி இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார், யாரை ஜெயிக்கவைப்பது என்று தெரியவில்லை என்று முடித்தேன்.

"அது இருக்கட்டும்பா. அவன் ஜெயிச்சப்போ அந்த அம்மா எப்பவாவது வீட்டுக்கு வாடான்னு கூப்பிட்டிருக்காங்களா?"

நான் அதை எழுதவில்லை என்றேன்.

"எழுதலையா, கூப்பிடலையா?"

இசக்கிசெல்வி போனில் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாளோ அவ்வளவு நேரம் நானும் பேசாமல் இருந்தேன். ஜெயித்தவனுக்கு ஆயிரம் ஆள் இருப்பார்கள், நாம் எதற்கு நடுவில் என்று அவள் நினைத்திருப்பாள். சந்தோஷமாக இருக்கிறவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நான்கூட நினைப்பதுண்டு. மானசா வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

திரும்பவும் ஹாலுக்குப் போனேன். ரெஃபரி அப்படியே நின்றுகொண்டிருந்தார். அறிவிப்பாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு இன்னும் வெளியே வரவில்லை. இசக்கிசெல்வி நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரோ உட்காரச் சொன்னார்கள், காதில் வாங்காமல் நடந்துபோய் ரிங்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏல வேலு" என்றாள். "ரெண்டுல எதுவா இருந்தாலும் இன்னைக்கு வீட்டுக்கு வா. இந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வா."

அவள் கத்தவில்லை. ஹாலில் இருந்த சத்தத்தில் அது வேல்ராஜின் காதில் விழுந்ததா என்று சொல்ல முடியாது. அவள் இருந்த பக்கமாக நின்றவன் நகுல். அவனுக்குக் கேட்டிருக்கிறது. அவன் ரெஃபரியின் மார்புக்குக் குறுக்கே தலையை நீட்டி வேல்ராஜிடம் என்னமோ சொன்னான். வேல்ராஜ் அப்போதுதான் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

இத்தோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். அறிவிப்பாளர் பெயரைச் சொல்லப்போகிறார், ரெஃபரி ஒரு கையைத் தூக்கப்போகிறார். எந்தக் கை என்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஏணியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதையும்தான். ஹிந்தியில் எழுதியிருந்தால் கா, கீ ஏதாவது ஒன்றைப் போட்டு நானே முடிவைச் சொல்லியாக வேண்டும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. வேல்ராஜோட ஹார் என்று எழுதிவிட்டு எழுந்துகொள்ளலாம்.

எனக்கும் வேலை இருக்கிறது. மானசாவைக் கூப்பிட வேண்டும். இப்போதுதானே பேசினோம், என்ன விஷயம் என்று கேட்பாள். ஒரு விஷயமும் இல்லை என்று சொல்ல வேண்டும்.